முடிவு என்கிற பிரச்னை: சன் டி.வி.யின் புதுத் தொடர்களை முன்வைத்து

தமிழ் டெலிவிஷன் தொடர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுத்தாளர்கள் ஒரே குற்றச்சாட்டைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அழுகை, மாமியார் கொடுமை, பாலில் கலந்த விஷம், பின்னணியில் இடி. எல்லாம் உண்மைதான். ஆனால் அழுகை ஒரு கலைக்குக் குற்றமாகாது. மாமியார் மருமகள் உறவு நம் வாழ்க்கையில் சின்ன விஷயமும் இல்லை. மௌனியையும் நகுலனையும் பற்றி முன்னறையில் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்க, உள்ளறையில் தொடர் ஓடிக்கொண்டிருக்கும். அதை ஒரு கேலியோடு தாண்டி வந்துவிடுவது சௌகரியம். கேலிக்கு உழைப்பு வேண்டியதில்லை. தினமும் மிக அதிகமான தமிழர்கள் பின்தொடரும் கதை வடிவம் இதுதான் என்கிறபோது அதன் உருவம் என்ன, அது எப்படி இயங்குகிறது என்று கேட்காமல் உருவத்தைப் பற்றி ஐம்பது வருஷம் பேசியதில் என்ன பிரயோசனம் என்று எனக்குத் தெரியவில்லை. எனவே சன் டி.வி. 2023 அக்டோபர் தொடங்கி 2024 டிசம்பர் வரை புதிதாகக் கொண்டுவந்தவற்றில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்: சிங்கப்பெண்ணே, மருமகள், மூன்று முடிச்சு, எதிர்நீச்சல் தொடர்கிறது.

அமெரிக்காவில் புதுத் தொடர்களை மதிப்பிடுவது ஒரு வருஷாந்திரச் சடங்கு. மே மாதம் நியூயார்க்கில் விளம்பரதாரர்களைக் கூட்டி வரப்போகும் தொடர்களைக் காட்டுவார்கள். செப்டம்பரில் அவை தொடங்கும். விமர்சகர்கள் முதல் பகுதியை முன்கூட்டியே பார்த்து இது தேறும், இது தேறாது என்று எழுதுவார்கள். அந்தச் சடங்கின் இறுக்கம் இன்று தளர்ந்துவிட்டது. ஆனாலும் அங்கே பருவம் என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது. இங்கே தொண்டாமுத்தூர்க் காடுகளில் சின்ன வெங்காயத்தைப் பட்டம் பார்த்து நடுகிறார்கள். தொடருக்குப் பட்டம் கிடையாது. ஒன்றின் பார்வையாளர் கணக்கு சரிந்தால் அதைத் தூக்கி வேறு நேரத்தில் போடுவார்கள். அங்கும் எழவில்லையென்றால் இரண்டு மூன்று வாரத்தில் எல்லோரும் மனம் திருந்திக் குடும்பத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். காலியான இடத்தில் புதுசு வந்து உட்காரும். முன்கூட்டி நமக்குக் கிடைப்பதெல்லாம் அரை நிமிஷ முன்னோட்டம்.

முன்னோட்டத்தை வைத்து மதிப்பிட முடியுமா என்றால், வேண்டிய அளவுக்கு மேலேயே முடிகிறது. பெயரிலேயே பாதி தெரிந்துவிடும். எதிர்நீச்சல் 1968இலும் மூன்று முடிச்சு 1976இலும் பாலசந்தர் எடுத்த படங்கள். மருமகள் 1953இல் வந்த படத்தின் பெயர். சிங்கப்பெண்ணே 2019இல் பிகில் படப் பாட்டிலிருந்து வந்தது. ஏற்கெனவே பரிச்சயமான ஒன்றின் மேல் ஏறிக்கொள்ளத்தான் பெயர். தன்னை அடையாளப்படுத்திக்கொள்ளும் அவசரம் எதுவும் அதற்கு இல்லை.

மூன்று முடிச்சின் விதை இது. பணக்கார வீட்டுக் குடிகாரப் பிள்ளை சூர்யா, தன் தாயின் மேல் இருக்கும் வெறுப்பில், ஏழைப் பெண் நந்தினியின் கழுத்தில் அவள் சம்மதம் இல்லாமல் தாலி கட்டிவிடுகிறான். நடந்தது ஒரு குற்றம். ஒரு நாவலாசிரியனிடமோ நாடகாசிரியனிடமோ இதைக் கொடுத்தால், அந்தப் பெண் அடுத்த நிமிஷம் என்ன செய்கிறாள் என்பதுதான் கதை. தொடருக்கு அந்தக் கேள்வி கட்டுப்படியாகாது. அவள் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே நடந்தால் அந்த வீட்டு செட்டில் வாரம் ஆறு நாள் படம் பிடிக்க ஆள் இருக்காது. ஆகவே தாலி என்பது இங்கே நம்பிக்கையும் இல்லை, சம்பிரதாயமும் இல்லை. ஒருவரை ஒருவர் சகிக்காத இரண்டு பேரை ஒரே கூரைக்குக் கீழ் பூட்டி வைக்கும் பூட்டு. கட்டாயத் தாலி தமிழ்த் தொடர்களில் ஏன் இத்தனை முறை வருகிறது என்பதற்குப் பழமைவாதம் என்று பதில் சொல்வார்கள். தயாரிப்பு நிர்ப்பந்தம் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பழமைவாதம் அதற்கு இலவசமாகக் கிடைத்த நியாயம்.

மருமகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கஞ்சத்தனத்தைக் கதாநாயகனின் குணமாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். ஆரம்ப வாரங்களில் இருந்த லேசான நகைச்சுவை நிலைக்கவில்லை.

சிங்கப்பெண்ணேயில் வேறு ஒரு விஷயம் இருக்கிறது. கிராமத்திலிருந்து ஆனந்தி என்கிற பெண் சென்னைக்கு வந்து ஒரு கார்மென்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், ஹாஸ்டலில் தங்குகிறாள். கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைப் பார்க்கிறவனுக்கு இந்த ஒற்றை வாக்கியமே போதும். திருப்பூர் பக்கத்தில் இருக்கிறது. ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், பீஸ் ரேட் என்பதெல்லாம் இங்கே வீட்டுப் பேச்சு. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூல் மில்களில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. வயசுப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்குவது, கல்யாணச் செலவுக்கு என்று சொல்லி முடிவில் மொத்தமாக ஒரு தொகை கொடுப்பது, நடுவில் போனால் அந்தத் தொகை இல்லை. அதைப் பற்றி அறிக்கைகள் வந்தன, வழக்குகள் வந்தன. தமிழ் நாவலில் அது இன்னும் சரியாக வரவில்லை. வந்திருக்க வேண்டிய இடத்துக்கு மிக அருகில் ஒரு டெலிவிஷன் தொடர் போய் நிற்கிறது: வேலைக்குப் போன பெண், ஹாஸ்டல், வார்டன், மேலே முதலாளி. கதவு திறந்துதான் இருக்கிறது.

உள்ளே போகவில்லை. நான் பார்த்த பகுதிகளில் தையல் மெஷின்கள் வரிசையாகத் தெரிகின்றன. ஆனால் எல்லாம் நடப்பது அந்த வரிசைகளுக்கு நடுவிலிருக்கும் நடைபாதையில்தான். முதலாளி மகேஷுக்கு அவள் மேல் காதல், கூட வேலை செய்யும் அன்புவுக்கும் காதல், அன்பு 'அழகன்' என்ற பெயரில் எழுதும் கடிதங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பீஸ், எட்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு என்ன ஆகும், சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு போகிறது என்பது கதையைத் தொடுவதே இல்லை. வேலை என்பது காதலர்கள் சந்தித்துக்கொள்ளும் இடம் மட்டும். இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், சுமங்கலித் திட்டத்துக்குக்கூட மூன்று வருஷம் என்று ஒரு கணக்கு இருந்தது.

இனி எதிர்நீச்சல். இதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கோலங்கள் எடுத்த திருச்செல்வம் இயக்கியது. 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூனில் முடிந்தது. மதுரைப் பக்கத்து வீடு, நாலு அண்ணன் தம்பிகள், படித்துவிட்டு அடுக்களையில் அடைபட்ட மருமகள்கள், வீட்டை மிரட்டி ஆளும் மூத்தவன் ஆதி குணசேகரன். அந்த வேஷத்தில் நடித்த மாரிமுத்துவின் 'இந்தாம்மா, ஏய்' தமிழ்நாடு பூராவும் பரவியது. தற்செயலாகப் பரவவில்லை. அந்தக் குரலை ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் வில்லன் மாதிரி நடிக்கவில்லை. தான் சொல்வது நியாயம் என்று முழுசாக நம்புகிற ஒரு மனிதன் மாதிரி நடித்தார். தமிழ்த் தொடரில் அபூர்வமான காரியம் அது.

கதையின் முடிச்சு, அப்பத்தாவின் பெயரில் இருக்கும் நாற்பது சதவீதப் பங்கு. பெண்ணின் கையில் இருக்கும் சொத்து. தமிழ்நாடு 1989இல் சட்டத்தைத் திருத்தி, அதற்குமுன் கல்யாணம் ஆகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டமும் மகள்களுக்குக் கொடுத்தது. சட்டம் கொடுத்ததை வீடு திருப்பி வாங்கிக்கொள்வது எப்படி என்று பார்க்க வேண்டுமென்றால் இங்கே எந்தப் பத்திரப் பதிவு அலுவலக வாசலிலும் ஒரு நாள் நிற்கலாம். அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வந்திருக்கும் தங்கச்சிகள் புதுப் புடவையில் நிற்பார்கள். தோப்பு விலை ஏற ஏற அந்தப் புடவையின் விலையும் ஏறும். சீர் செய்தாயிற்று, நாளைக்குத் தாய்வீட்டு வாசல் மிதிக்க வேண்டாமா என்று கேட்டால் எந்தப் பெண் கையெழுத்துப் போட மாட்டாள்? எதிர்நீச்சல் இந்த இடத்தைத் தொட்டது. மாலை நேரம் டி.வி. முன்னால் உட்கார்ந்த பெண்களிடம் பங்கு என்ற சொல்லைச் சத்தமாகச் சொன்னது. இதற்காகவாவது அதைக் கேலி செய்கிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

இதே கேள்வியைக் கொங்குத் தமிழில் 1942லேயே ஒருவர் கேட்டுவிட்டார். ஆர். ஷண்முகசுந்தரத்தின் நாகம்மாள். புருஷனை இழந்த ஒருத்தி, கொழுந்தன் சின்னப்பனிடம் தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கொடு என்கிறாள். அவள் பின்னால் கெட்டியப்பன் நிற்கிறான். அவள் நல்லவளா கெட்டவளா என்று ஷண்முகசுந்தரம் தீர்ப்பு எழுதவில்லை. சின்னப்பன் நல்லவன், அவன் கொலையுண்டு விழுகிறான். நாவல் அங்கே நின்றுவிடுகிறது. சிறிய புத்தகம். ஒரே நாளில் படித்துவிடலாம். பங்கு கேட்பது என்றால் என்ன, அதற்கு என்ன விலை என்பது அந்தச் சாவினால்தான் நமக்குத் தெரிகிறது. சின்னப்பன் மறு வாரம் ஆஸ்பத்திரியில் கண் விழித்திருந்தால் நாகம்மாளின் கோரிக்கை ஒரு குடும்பச் சண்டையாகியிருக்கும்.

எதிர்நீச்சலில் அந்த நாற்பது சதவீதம் என்ன ஆயிற்று? ஒரு பத்திரத்திலிருந்து இன்னொரு பத்திரத்துக்குப் போயிற்று. கையெழுத்து வாங்கினார்கள், கைரேகை வாங்கினார்கள், ஆள் காணாமல் போனார், திரும்பி வந்தார். கேள்வி கேள்வியாக இருந்தது போய்த் தாமதத்துக்கான உத்தியாயிற்று. 2023 செப்டம்பர் 8ஆம் தேதி மாரிமுத்து மாரடைப்பில் இறந்தார். குணசேகரன் இறக்கவில்லை. அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். குற்றப் பரம்பரை எழுதியவர், நம்மில் ஒருவர். ஒரு நாவலாசிரியர், இறந்துபோன நடிகரின் இடத்தில், சாக அனுமதியில்லாத ஒரு பாத்திரத்தைச் சுமந்து நின்ற காட்சியைப் பற்றி நம் பத்திரிகைகளில் யாரும் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர் மோசமாக நடித்தார் என்று சொல்ல மாட்டேன். அந்த மனிதனுக்குப் போய்ச் சேர ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான். பிறகு 2024 ஜூனில் முடிந்ததே, அந்த முடிவையும் ஆறு மாதத்தில் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். டிசம்பரில் எதிர்நீச்சல் தொடர்கிறது. சில முகங்கள் மாறின. கேள்வி அதேதான், ஆனால் அது தீராது என்பது இப்போது தலைப்பிலேயே இருக்கிறது.

தினசரித் தொடர் என்றால் நீளமாகத்தான் இருக்கும், நாவலோடு ஒப்பிடுவது அநியாயம் என்று சொல்வார்கள். நீளத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. பொன்னியின் செல்வன் கல்கியில் 1950 முதல் 1954 வரை வாரவாரம் வந்தது. மோகமுள் சுதேசமித்திரனில் தொடராக வந்ததுதான். அதற்கும் முன்னால் போனால், இந்த மண்ணின் சொந்த நெடுந்தொடர் அண்ணன்மார் கதை. உடுக்கடித்துப் பாடுகிறவர்கள் அதை இரவு இரவாகப் பாடுவார்கள். பிரெண்டா பெக் 1965இல் கொங்கு நாட்டில் பதிவு செய்தபோது அது பதினெட்டு இரவு நீண்டது. பொன்னரும் சங்கரும் செத்துப் போவார்கள் என்பது கேட்கிற குழந்தைக்கும் தெரியும். அந்த முடிவை நோக்கித்தான் கதை நடக்கிறது. தாமரை பிள்ளை வரம் கேட்டுத் தவம் கிடக்கும்போதே அந்தப் பிள்ளைகளின் படுகளம் தெரிகிறது. வீரப்பூரில் இன்றும் படுகளம் விழுகிறார்கள், எழுப்புகிறார்கள். முடிவு தெரிந்த கதையில் சனங்கள் அழுகிற அழுகைக்கும், நாளைக்கு என்ன என்று தெரியாமல் வைக்கப்பட்ட ஒரு திடீர்த் திருப்பத்துக்கு முன்னால் ஏற்படும் பதைப்புக்கும் இருக்கிற தூரம் பெரிசு.

உடுக்கடிப் பாட்டை இங்கே இழுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொடர்களில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், ஒரு முகத்தை மூன்று கோணத்தில் காட்டுகிறார்கள் என்று சிரிக்கிறோம். பாட்டுக்காரரும் திரும்பச் சொல்வார். பின்பாட்டுக்காரர் அதை வாங்கி இன்னொரு முறை சொல்வார். நடுவில் எழுந்து மாட்டுக்குத் தீனி போட்டு வந்தவனுக்கும் கதை விட்டுப் போகக் கூடாது. தொடரும் இப்படித்தான். வெங்காயம் அரிந்துகொண்டோ பாக்கு உரித்துக்கொண்டோ அரைக் காதால் கேட்கிறவர்களுக்காகச் செய்யப்பட்டது அது. தவறவிடப்படுவதற்கென்றே அமைந்த வடிவம். திரும்பச் சொல்வது அதன் லக்ஷணம், குறையாகாது. பாட்டுக்காரரின் திரும்பச் சொல்லல் ஓர் அடி முன்னே போவதற்காக எடுத்து வைத்த அரை அடி பின்வாங்கல். தொடரில் அந்த முன்னடி வருவதில்லை என்பதுதான் என் சங்கடம்.

வியாபாரம்தான் காரணம் என்பதும் முழுப் பதில் ஆகாது. லத்தீன் அமெரிக்காவின் டெலிநாவெலா நம்முடையதைவிடப் பெரிய வியாபாரம். தினமும் வருகிறது, அழுகைக்கும் குறைவில்லை, ஆனால் சில மாதங்களில் முடிகிறது. கடைசிப் பகுதிதான் அங்கே திருவிழா. மெக்சிகோவின் மிகேல் சபீதோ வகுத்த மாதிரியைப் பார்த்துத்தான் தூர்தர்ஷன் 1984 ஜூலையில் ஹம் லோக்கைத் தொடங்கியது. எழுதியவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி, ஹிந்தியின் முக்கியமான நாவலாசிரியர். அந்தக் காலத்துத் தூர்தர்ஷன் தயாரிப்பாளர்களுக்குப் பதின்மூன்று வாரம் என்று கணக்குப் போட்டு நேரம் ஒதுக்கியது. ஒரு காலாண்டு. சர்க்கார் ஆபீஸ் கணக்கு, கலைக்காக யாரும் யோசித்துச் செய்ததில்லை. நீட்டிப்பு வாங்க வரிசையில் நின்றவர்களும் உண்டு. அந்தப் பதின்மூன்று வாரத் தொடர்களில் பெரும்பாலானவை சாதாரணமானவை. ஆனால் எழுத உட்காரும்போது எங்கே முடிக்கப் போகிறோம் என்று எழுதுகிறவனுக்குத் தெரிந்திருந்தது. நம் டெலிவிஷனுக்கு எப்போதாவது பருவம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அதுதான்.

சன் டி.வி.க்கே இது தெரியாத சங்கதியில்லை. தொண்ணூறுகளில் அதே சேனலில்தான் பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய மர்மதேசம் வாரம் ஒரு நாள் வந்தது. ரகசியம், விடாது கருப்பு என்று தனித்தனிக் கதைகள். விடாது கருப்பில் குதிரை வருவதும் கிராமத்து மௌனமும் இன்னும் பலருக்கு மறக்கவில்லை என்றால், அந்தப் பயம் ஒரு விளக்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது என்பதால்தான். 1999 டிசம்பரில் சித்தி வந்து தினசரித் தொடர் நிலைபெற்ற பிறகு வாரத் தொடருக்கு இடம் சுருங்கியது. கோலங்கள் ஆயிரத்து ஐநூறு பகுதிகளைத் தாண்டியது, சந்திரலேகா இரண்டாயிரத்தை. எண்ணிக்கை ஒரு சாதனையாகச் சொல்லப்படும் கலை வேறு எதாவது உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கதையை எழுதுவது யார் என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. 2015 முதல் பார்க் என்கிற அமைப்பு நாடு முழுவதும் சில பத்தாயிரம் வீடுகளில் வைத்த மீட்டர்களிலிருந்து வாராவாரம் கணக்கு எடுத்துக் கொடுக்கிறது. வியாழக்கிழமை எண் வரும். எண் ஏறினால் அந்த வாரம் யார் அழுதார்களோ அவர்கள் இன்னும் அழுவார்கள்; இறங்கினால் கல்யாணம் நிற்கும், இல்லை ஒரு விபத்து. இதில் வசனகர்த்தாவைத் திட்டிப் பிரயோசனமில்லை. நாளைக்குப் படம் பிடிக்க இன்று எழுதிக் கொடுக்கிறவர் அவர். பெரிய வீடு, பெரிய படிக்கட்டு, எந்த ஊர் என்று சொல்ல முடியாத ஹால். பக்கத்து விஜய் டி.வி.யில் வங்காளியின் ஸ்ரீமோயி பாக்கியலட்சுமி ஆகிறது, இங்கே பிறந்த பாண்டியன் ஸ்டோர்ஸ் ஆறு மொழிகளுக்குப் போகிறது. போக்குவரத்துக்கு வசதியாக ஊரைக் கழற்றி வைத்துவிட வேண்டியிருக்கிறது. பேச்சில் மட்டும் கொஞ்சம் ஊர் மிஞ்சும். அதிலும் ஒரு பங்கீடு உண்டு: கோபத்துக்கு மதுரை, சிரிப்புக்குக் கோயமுத்தூர். 'ஏனுங்' என்று ஒருத்தி ஆரம்பித்தாலே சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள். நாகம்மாள் அந்தப் பேச்சில்தான் தன் பங்கைக் கேட்டாள் என்பதை யார் இவர்களுக்குச் சொல்வது?

2020இல் படப்பிடிப்பு நின்றுபோன ஊரடங்கு நாட்களில் சன் டி.வி. மெட்டி ஒலியை மறு ஒளிபரப்புச் செய்தது. திருமுருகன் 2002இல் தொடங்கி 2005இல் முடித்த தொடர். ஒரு அப்பாவும் ஐந்து பெண்களும். அந்தப் பெண்களுக்கு என்ன ஆகும் என்பது தெரிந்தவர்கள் நிறையப் பேர் மறுபடியும் உட்கார்ந்து பார்த்தார்கள். இங்கே சில வீடுகளில், 'இப்பப் பாரு, இவன் என்ன பண்ணப் போறான்னு' என்று முன்கூட்டிச் சொல்லிக்கொண்டே பார்த்தார்கள். அப்போது அது கொஞ்சம் உடுக்கடிப் பாட்டு மாதிரி ஆகியிருந்தது. அப்பா ஒவ்வொரு பெண்ணையும் கட்டிக் கொடுக்கும்போது பார்க்கிறவர்களுக்குப் பின்னால் வரப்போவது தெரிந்திருந்தது. முதல் தடவை ஒளிபரப்பானபோது அந்தத் தொடருக்குக் கிடைக்காத ஓர் உருவம் பதினைந்து வருஷம் கழித்துப் பார்வையாளர்களின் ஞாபகத்திலிருந்து கிடைத்தது.

புதுத் தொடர் வரும்போது நேரம், நடிகர்கள், பாட்டு எல்லாம் அறிவிக்கிறார்கள். எத்தனை நாள் என்பதையும் அறிவிக்கட்டும். இருநூறு நாளோ முந்நூறு நாளோ, அது அவர்கள் இஷ்டம். அது நடக்கும் வரை விமர்சகன் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. தொடர் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஏதாவது ஒன்றை முதல் நாளிலிருந்து பார்த்து, எந்த வாரத்தில் அது தன் கேள்வியைக் கைவிடுகிறது என்று குறித்து வைக்கலாம். மூன்று முடிச்சில் அது தாலி கட்டிய மறுநாள். சிங்கப்பெண்ணேயில் முதல் கடிதம் வந்த வாரம். எதிர்நீச்சலில், மாரிமுத்து இறந்த பிறகுதான் கதை தடுமாறியது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அப்பத்தாவின் பங்கு இரண்டாம் முறை காகிதம் மாறியபோதே அது நடந்துவிட்டது என்பது என் எண்ணம். வேறு மாதிரி நினைப்பவர்கள் எழுதலாம்.